டி.எஸ். பாலையாவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறோம்?

கேள்வி: டி.எஸ். பாலையா என்றதும் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்ல, அவர் பயந்து நடுங்கும் காட்சிதான் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது சிவாஜிக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுக்கிறார்கள். அப்படி என்ன செய்துவிட்டார்? நாடகத்திலிருந்து வந்தவராமே, அந்தக் கதையும் சொல்லுங்கள்.

பதில்:

நீங்கள் சொன்ன அந்தக் காட்சியிலேயே தொடங்குகிறேன். பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு படம் எடுக்கத் துடிக்கிற பிள்ளை செல்லப்பா. அப்பா விஸ்வநாதன் சின்னமலை எஸ்டேட் முதலாளி. மகனின் சினிமாப் பைத்தியத்துக்குக் காசு அவிழ்க்க மனமில்லாதவர். அப்பாவை உட்கார வைத்து மகன் ஒரு திகில் கதை சொல்கிறான். பேச்சு முழுவதும் நாகேஷுடையது. பின்னணிச் சத்தங்களைக்கூட அவரே வாயால் எழுப்புகிறார். பாலையாவுக்கு அங்கே வசனம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் காட்சி இருவருடையது. ஒருமுறை ஒலியை அடைத்துவிட்டு, நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில் ‘இவன் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறான்’ என்ற அலட்சியம். பிறகு கதையில் ஒரு கால் உள்ளே போகிறது. அப்புறம் தன்னை அறியாமல் உடம்பு ஒடுங்குகிறது. முகம் ஒரேயடியாக மாறுவதில்லை, படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் எது அவரைப் பிடித்தது என்பது நமக்குத் தெரிகிறது. நாகேஷ் சொல்லும் கதையில் தலையும் இல்லை, வாலும் இல்லை. அதில் பயப்பட ஏதோ இருக்கிறது என்று நம்மை நம்பவைப்பவர் பாலையா. அந்த நம்பிக்கை இருப்பதால்தான் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

பாலையாவின் பெரிய வித்தை என்று நான் நினைப்பது இதைத்தான்: எதிரே இருப்பவர் பேசும்போது அவர் நடிப்பார். தன் வசனத்தை நன்றாகச் சொல்லத் தெரிந்தவர்கள் தமிழில் எத்தனையோ பேர் உண்டு. அடுத்தவர் வசனத்தைக் கேட்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவருடைய முப்பத்தாறு வருடச் சினிமாவை இந்தக் கண்ணோடு பார்த்தால் வில்லன், நண்பன், அப்பா, பாகவதர், தவில்காரர் எல்லாமே ஒரே இழையில் வந்து நிற்கும்.

இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், நாடக மேடையிலிருந்துதான்.

1914 ஆகஸ்ட் 23 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுண்டங்கோட்டையில் பிறந்தவர் பாலையா. பெயருக்கு முன்னாலிருக்கும் ‘டி’ திருநெல்வேலியைக் குறிக்கிறது. சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர். பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்பதை இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் வேர்விட வைத்த முறை அது. வயது வந்த நடிகர்களை வைத்துக் கம்பெனி நடத்துவதில் இருந்த தொல்லைகளுக்கு மாற்றாக, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் அடவும் சொல்லிக்கொடுத்து ஊர் ஊராக நாடகம் போட்டார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் எல்லாமே பையன்கள்தான். மகரக்கட்டு உடைந்து பிள்ளைக் குரல் மாறிவிட்டால் நேற்றுவரை வள்ளியாக நின்றவனுக்கு இன்று வேறு வேடம். வாத்தியார் கண்டிப்பானவர், பாடம் தப்பினால் அடி விழும். எம்.ஜி.ஆர்., சிவாஜி, என்.எஸ்.கிருஷ்ணன், எம்.ஆர்.ராதா, நம்பியார், வி.கே.ராமசாமி என்று பழைய தமிழ் சினிமாவின் பாதி முகங்கள் அந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவைதான்.

இரவு தொடங்கினால் நாடகம் முடிய விடியற்காலை ஆகிவிடும். ஒலிபெருக்கி கிடையாது. மண் தரையில் கடைசியாக உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகப் போய் விழ வேண்டும். இதனால் குரல் வளர்ந்தது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சினிமாவில் யார் பேசுகிறாரோ அவர் முகத்துக்குக் கேமரா போய்விடும். மேடையில் அது கிடையாது. பேசாமல் நிற்பவனும் பேசுகிறவன் அளவுக்கே ஜனங்களின் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பான். ராஜபார்ட் கால் மணி நேரம் பாடினால், எதிரே நிற்கும் மந்திரி அந்தக் கால் மணி நேரமும் மந்திரியாகவே நிற்க வேண்டும். அப்படி நின்று பழகிய உடம்பு பாலையாவுடையது. பின்னாளில் கேமரா தன் பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் வேடத்தைவிட்டு இறங்கியதே இல்லை.

சினிமாவுக்கு வந்தது 1936-இல், ‘சதி லீலாவதி’யில். எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். கதாநாயகன் எம்.கே.ராதா. அவருடைய தந்தை எம். கந்தசாமி முதலியார், பாட்டைக் குறைத்து இயல்பான பேச்சுக்கு இடம் கொடுக்கும் சமூக நாடகங்களை மேடைக்குக் கொண்டுவந்தவர். அவர் நிழலில் நாடகத்துப் பையன்கள் பலர் இந்தப் படத்துக்குள் வந்தார்கள். எம்.ஜி.ஆருக்கும் பாலையாவுக்கும் இதுதான் முதல் படம். எம்.ஜி.ஆருக்கு ஒரு சிறிய இன்ஸ்பெக்டர் வேடம். பாலையாவுக்கோ, கதாநாயகனைக் குடிக்குப் பழக்கி அவன் குடும்பத்தைக் கெடுக்கிற ராமநாதன் என்ற பெரிய வில்லன் வேடம். அப்போது அவருக்கு வயது 21.

அடுத்த வருடமே ‘அம்பிகாபதி’. தியாகராஜ பாகவதர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம். அவருக்கு எதிராக ருத்ரசேனன் என்ற தளபதியாகப் பாலையா. படம் பெரும் வெற்றி. அதன் பிறகு பத்துப் பதினைந்து வருடங்களுக்கு வில்லன் என்றால் பாலையா என்றே ஆயிற்று. அந்த வில்லத்தனம் பி.எஸ்.வீரப்பாவின் அட்டகாசச் சிரிப்பு வகையைச் சேர்ந்ததில்லை. பாலையாவின் வில்லன் நயமாகப் பேசுவான், தோளில் கை போடுவான், நீங்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள்வான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் மனத்துக்குள் கணக்கு ஓடுவது கண்ணில் தெரியும். அலறுகிற வில்லனைவிட அது பயமாக இருக்கும். அந்தக் குரலும் அதற்கு வசதியாக அமைந்தது: சற்றே மூக்கில் உரசி, சொற்களின் கடைசியை இழுத்து நிறுத்தும் குரல். ஒரே ‘அப்படியா’வை அவர் பத்து விதமாகச் சொல்லுவார்.

வில்லன் என்ற பட்டத்தோடு அவர் நின்றுவிடவும் இல்லை. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த ‘ராஜகுமாரி’யில் (1947) அவரும் இருந்தார், ‘மோகினி’யில் (1948) எம்.ஜி.ஆருக்குச் சமமான முக்கிய வேடம் அவருக்கு. ஆனால் அந்தக் காலத்துப் பாலையாவில் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது 1949-இல் வந்த ‘வேலைக்காரி’. அண்ணா எழுதி, கே.ஆர்.ராமசாமி நாயகனாக நடித்து, ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கிய ஜூபிடர் படம். தந்தையைச் சாகடித்த வேதாசல முதலியாரைப் பழிவாங்கக் கத்தியைத் தூக்குகிறான் ஆனந்தன். அவனைத் தடுத்து ‘கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு’ என்று சொல்லும் நண்பன் மணிதான் பாலையா. அந்த வசனம் மேடைப் பேச்சாளர்கள் வாயில் எத்தனையோ ஆண்டுகள் புழங்கியது. அண்ணாவின் எழுத்து அடுக்குமொழியில் ஓடுவது. அதைச் சொல்லுகிற நடிகர் கொஞ்சம் அசந்தால் பிரசங்கமாகிவிடும். பாலையா அதை ஒரு சிநேகிதன் சிநேகிதனுக்குச் சொல்லும் யோசனையாகவே சொன்னார். திராவிட இயக்க வசனப் படங்களில் அடுக்குமொழியைப் பேச்சாக மாற்றிக் காட்டிய நடிகர்கள் சிலர்தான். அவர்களில் பாலையாவை முன்வரிசையில் வைப்பேன்.

ஐம்பதுகளில் வில்லத்தனத்துக்குள் நகைச்சுவை மெதுவாகக் கசிய ஆரம்பித்தது. ‘தூக்குத் தூக்கி’யில் (1954) நாயகனின் மனைவியை மயக்கும் வடநாட்டு வியாபாரி, இந்தி கலந்த தமிழைப் பேசிக்கொண்டு ஆபத்தானவனாகவும் கோமாளியாகவும் ஒரே நேரத்தில் தெரிகிறார். ‘மதுரை வீரன்’ (1956) படத்தில் பொம்மியை மணக்க ஆசைப்படும் நரசப்பன். ‘பாகப்பிரிவினை’யில் (1959) அண்ணன் வேடம், மனைவியின் சொல்லுக்கும் தம்பி மேலுள்ள பாசத்துக்கும் நடுவே அகப்பட்ட மனிதர். எஸ்.வி.சுப்பையா தம்பி. இரண்டு மேடை நடிகர்கள் எதிரெதிரே நின்று, பேச முடியாததை முகத்தால் பேசிக்கொள்வதைப் பார்க்க அந்தப் படம் போதும்.

பிறகு 1964. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தபோது பாலையாவுக்கு ஐம்பது வயது நெருங்கியிருந்தது. படத்தில் முக்கால்வாசிப் பேர் இளசுகள்; ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். அந்தக் கலகலப்பையெல்லாம் தரையில் ஊன்றி நிறுத்துபவர் விஸ்வநாதன் முதலாளி. கதை சொல்லும் காட்சியைப் பற்றிப் பேசியாயிற்று. அதற்குச் சற்றும் குறையாத இன்னொன்று, நாயகன் அசோக்கின் (ரவிச்சந்திரன்) அப்பாவாக, பெரும் பணக்காரச் சிதம்பரமாக முத்துராமன் வேடம் போட்டுக்கொண்டு வரும் இடம். அசோக்கை வேலையைவிட்டு விரட்டியவர் விஸ்வநாதன். அவன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ என்று பாடியதைக் கேட்டு எரிந்து விழுந்தவர். அந்த அசோக் கோடீஸ்வரர் மகன் என்று தெரிந்ததும் அவர் வாயிலிருந்து வருகிறது: ‘அசோகர் உங்க மகருங்களா?’ மகனுக்கும் ‘ர்’ போட்டு மரியாதை செய்யும் அந்த ஒரு கேள்வியில், பணத்தைக் கண்டதும் வளைகிற முதுகெலும்பு முழுவதும் தெரிந்துவிடுகிறது. ஸ்ரீதரும் கோபுவும் எழுதிய வசனம் அற்புதம்தான். ஆனால் பாலையா அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையான பணிவோடு, உண்மையான ஆசையோடு கேட்கிறார். சிரிப்பை அவர் நம்மிடம் விட்டுவிடுகிறார். இந்தப் படத்தை இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தபோது இதே வேடத்தை ஓம் பிரகாஷ் செய்தார். பெரிய நடிகர்தான், நன்றாகவும் செய்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மனம் பாலையாவிடமே போகிறது.

இனி நான் நின்று பேச விரும்பும் இடம்: ‘திருவிளையாடல்’ (1965), ஹேமநாத பாகவதர்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் என்று வருகிற கதை. வடக்கிலிருந்து வந்த ஹேமநாதன் பாண்டியனின் அவையில் பாடிச் சவால் விடுகிறான். அவனோடு போட்டியிடும்படி பாணபத்திரருக்கு அரசன் ஆணை. பாணபத்திரர் சொக்கநாதரிடம் முறையிட, இறைவனே விறகுவெட்டியாக வருகிறார். ஏ.பி.நாகராஜன் படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் பாணபத்திரர், சிவாஜி விறகுவெட்டி.

அவையில் ஹேமநாதர் பாடும் ‘ஒருநாள் போதுமா’ கண்ணதாசன் எழுதி, கே.வி.மகாதேவன் இசையமைத்து, பாலமுரளிகிருஷ்ணா பாடிய ராகமாலிகை. குரல் பாலமுரளியுடையது என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் பார்க்கும்போது அந்தக் குரல் பாலையாவின் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று தோன்றும். மூச்சு எடுக்கும் இடம், பிருகா எனும் வேகமான ஸ்வர வரிசை உருளும்போது கழுத்து அசைவது, சபையை ஓரக்கண்ணால் அளப்பது, தன் பாட்டில் தானே சொக்கிப் போவது எல்லாம் அவ்வளவு பொருத்தம். சங்கீத நாடகத்தில் வளர்ந்தவருக்குப் பாடகனின் உடம்பு எப்படி இயங்கும் என்று தெரிந்திருந்தது. இன்று பாட்டுக்கு வாயசைக்கும் எந்த நடிகரும் பாடமாக வைத்துப் படிக்க வேண்டிய நாலைந்து நிமிடம் அது.

ஆனாலும் அந்த வேடத்தின் சிகரம் அந்தப் பாட்டில் இல்லை. அன்று இரவு திண்ணையில் இருக்கிறது. விறகுவெட்டி வெளியே படுத்துக்கொண்டு ‘பாட்டும் நானே பாவமும் நானே’ என்று எடுக்கிறான். அண்ட சராசரமும் ஸ்தம்பிக்கிற மாதிரி சிவாஜிக்குத் தோற்றங்கள் மாறுகின்றன, வாத்தியங்கள் மாறுகின்றன. ஹேமநாதருக்கு வேலை ஒன்றே ஒன்று: கேட்பது. பாட்டைப் பெரிதாக்குவதே அவர் அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். காலையில் அவையில் இருந்த கர்வம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்திலிருந்து அவர் இறங்கி வர வேண்டும். யார் நீ என்று கேட்கிறார். பாணபத்திரரிடம் சிஷ்யனாகச் சேரப் போனேன், உனக்கு ஞானம் இல்லை என்று அனுப்பிவிட்டார் என்று பதில் வருகிறது. தகுதியில்லை என்று தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார்? அந்த நினைப்பு ஓடும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பயம் மட்டுமில்லை. சங்கீதம் தெரிந்தவன் என்பதால்தான் அவனுக்குத் தோல்வி புரிகிறது. ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் தூங்கியிருப்பான். அந்த வித்வத்துக்குரிய மதிப்பையும் பாலையா அந்த முகத்தில் காப்பாற்றிவிடுகிறார். அதனால்தான் விடிவதற்குள் ஊரைவிட்டுப் போகிற ஹேமநாதரை நம்மால் இளப்பமாக நினைக்க முடியவில்லை. ஒரு கர்வியை வெறும் கேலிப் பொருளாக்குவது சுலபம். அவனைக் கலைஞனாகவே தோற்க வைப்பது எளிதல்ல.

1967-இல் இரண்டு படங்கள். ‘ஊட்டி வரை உறவு’ ஸ்ரீதருடையது. சிவாஜிக்கு அப்பாவாக வருகிறார். கே.பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ படத்தில் மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நடிகையால் பிடிக்கும் பவிசு மோகம். நடுவே எதிராஜ் என்ற பெரியவராகப் பாலையா. ‘வரவு எட்டணா செலவு பத்தணா’ பாட்டில் மேஜர் சுந்தர்ராஜன், முத்துராமன், நாகேஷ் எல்லோரோடும் சேர்ந்து ஆடுகிறாரே, அந்த வயதிலும் தாளம் துளிப் பிசகவில்லை.

1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்புவின் விகடன் தொடர், மறுபடியும் ஏ.பி.நாகராஜன். சிக்கல் சண்முகசுந்தரத்தின் தவில்காரர் முத்துராக்கு. ஒரு நாதஸ்வரக் கோஷ்டியில் தவில்காரர் என்றால் தாளம் போடுகிறவர் மட்டுமில்லை. நாயனக்காரரின் கோபத்தையும் வீம்பையும் தாங்கிச் சமாதானம் செய்து வைக்கும் அண்ணன் மாதிரி. பாலையா அதை அப்படியே பிடித்திருக்கிறார். ‘நலந்தானா’ பாட்டில் பத்மினி ஆடிக்கொண்டே, காயம்பட்ட சண்முகத்தின் நலத்தைச் சபைக்குத் தெரியாமல் கேட்கிறாள். சண்முகம் பதில் சொல்ல முடியாது, வாயில் நாதஸ்வரம். இருவருக்கும் நடுவில் தவிலோடு உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு பேர் மனமும் தெரியும். கை தாளத்தை விடாமல் வாசிக்கிறது, கண் கலங்குகிறது. அந்தப் பாட்டில் சிவாஜியையும் பத்மினியையும் பார்த்துவிட்டு, அடுத்த முறை பாலையாவை மட்டும் பார்த்தவர்கள் எல்லோரும் மூன்றாவது முறையும் பார்த்திருப்பார்கள். இங்கேயும் அவர் வேலை கேட்பதுதான்.

சிவாஜியோடு நடிக்கும்போது மற்றவர்கள் மங்கிப் போவார்கள் என்று சொல்வது வழக்கம். பாலையா, எம்.ஆர்.ராதா, ரங்காராவ், நாகேஷ் இந்த நால்வரும் அதற்கு விலக்கு. ஆனால் நால்வரும் நின்ற விதம் வேறு. ராதா எதிர்த்து நிற்பார். ரங்காராவ் தன் கம்பீரத்தால் நிற்பார். நாகேஷ் வேகத்தால். பாலையா எதிராளிக்கு இடம் கொடுத்து, அந்த இடத்திலேயே தானும் நிறைந்து நிற்பார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவருக்குக் கொடுக்கும் மரியாதைக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1972 ஜூலை 22 அன்று காலமானார். 58 வயது நிறைய ஒரு மாதம் பாக்கி. அவர் மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் நடித்தார். ‘கரகாட்டக்கார’னும் ‘சாட்டை’யும் இன்றைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும். குரலிலும் முகத்தை இழுத்துச் சுளிப்பதிலும் அப்பாவின் சாயல் அப்படியே இருந்தது. 2023 நவம்பரில் அவரும் மறைந்தார்.

எங்கிருந்து பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ‘காதலிக்க நேரமில்லை’ உங்களுக்குத் தெரியும். அடுத்து ‘திருவிளையாட’லில் ஹேமநாதர் பகுதியை மட்டும் தனியாகப் பாருங்கள், அதுவே ஒரு முழுப் படம். பிறகு ‘தில்லானா’. அதன் பிறகு பின்னோக்கிப் போய் ‘தூக்குத் தூக்கி’யும் ‘வேலைக்காரி’யும். பழைய படங்களின் பிரதி தேய்ந்திருக்கும், ஒலி கரகரக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள். ‘வேலைக்காரி’யில் ஆனந்தன் கத்தியோடு கொதிக்கும்போது, மணி வாயைத் திறப்பதற்கு முன் அவனை எப்படிப் பார்க்கிறான் என்பதைத் தவறவிடாமல் பாருங்கள்.